தேதித் தாளின் பின்பக்கம்

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறேன். டெய்லி காலண்டர்தான் எங்களுக்குப் பிரதான வேலை. ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம், முகூர்த்தம், நோன்பு, விடுமுறை என்று ஒவ்வொரு தாளிலும் எண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒன்று தவறினால் எங்கோ ஒரு வீட்டில் தாலி கட்டும் நேரம் தப்பிப்போகும். அதனால் முதல் புரூஃபை நம்பி யாரும் பிளேட் போட மாட்டார்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்ப்பார். அடுத்த நாள் ஆளை மாற்றி மறுபடியும் பார்ப்போம்.

இப்படி எண்களோடே வாழ்ந்தவன் நான். ஆனாலும் என் உடம்பின் இரண்டு எண்களை, அதாவது பிரஷரின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும், ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஒரு வருஷத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

2023 தை மாதம் எனக்கு ஆபரேஷன். வயது 57. சீசன் முடிந்து கடைசி லோடு லாரியில் ஏறிய பிறகுதான் டாக்டரிடம் போனேன். பிரஸ் மாடிப்படி ஏறும்போது தாடையில் ஓர் இறுக்கம் வரும், நின்றால் போய்விடும். பல்வலி என்று நினைத்து மூன்று வாரம் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தேன். மதுரையில் ஆஞ்சியோ எடுத்தபோது மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்றார்கள்.

அதற்கு முன்பே ஒன்பது வருஷமாக எனக்கு பிரஷர் உண்டு. மாத்திரையும் வீட்டில் உண்டு. தலை சுற்றினால் போடுவேன், சுற்றாத நாளில் விட்டுவிடுவேன். பிரஷர் ஏறினால் உடம்பே காட்டிக்கொடுக்கும் என்று நம்பினேன். அது காட்டிக்கொடுக்கவே இல்லை. அந்த ஒன்பது வருஷமும் குழாய்களின் உள்சுவரை அது அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஐ.சி.யூ.வில் கண் திறந்தபோது முதலில் தெரிந்தது திரையில் ஓடிய ஒரு சிவப்பு எண். அங்கே கையில் பட்டை கட்டி அளப்பதில்லை. மணிக்கட்டு ரத்தக்குழாய்க்குள்ளேயே மெல்லிய குழாயைச் செருகிவிடுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் எண் மாறும். கொஞ்சம் ஏறினால் நர்ஸ் வந்து சொட்டு மருந்தின் வேகத்தை மாற்றுவார். இறங்கினால் மறுபடி ஓடிவருவார். ஏன் இவ்வளவு பதற்றம் என்று ஒரு நர்ஸிடம் கேட்டேன். “ஏறினா புதுத் தையல் கசியும், ரொம்ப இறங்கினா புதுக் குழாய்க்கு ரத்தம் பத்தாதுங்கய்யா” என்றார். எட்டு நாள் அப்படி ஆள் மாற்றி ஆள் என் பிரஷரைக் காவல் காத்தார்கள். ஒன்பதாம் நாள் ஒரு மாத்திரைப் பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் காவல் வேலை இனி என்னுடையது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்கு வந்த முதல் மாதம் பிரஷர் 110/70-ஐத் தாண்டவே இல்லை. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் “பைபாஸ் பண்ணதுல பிரஷரும் போயிருச்சு” என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரஷர் எங்கேயும் போகவில்லை. ரத்தம் குறைந்திருந்தது, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் படுக்கை, இதயமும் அடிபட்டு அசந்திருந்தது. உடம்பு தேறத் தேற அதுவும் பின்னாலேயே எழுந்துவந்தது. ஆபரேஷனுக்குப் பின் வரும் அந்த இறக்கத்தைப் பார்த்துப் பலபேர் ஏமாறுகிறார்கள் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார்.

பைபாஸ் என்றால் என்ன என்பதை அவர் விளக்கிய விதத்தையும் சொல்கிறேன். எனக்கு மனசில் பதிந்தது அதுதான். அடைத்த ரோட்டை யாரும் சரிசெய்யவில்லை. பக்கத்தில் மாற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு பாதை நெஞ்சுச் சுவருக்குப் பின்னால் ஓடும் தமனி. அது பிறந்ததிலிருந்தே அழுத்தத்துக்குப் பழகியது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் குழாய் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் திறந்தே இருக்கிறது. மற்ற இரண்டும் என் காலிலிருந்து எடுத்தவை. நாம் ‘கால் நரம்பு’ என்று சொல்வது உண்மையில் சிரை. அதற்குள் ரத்தம் துடித்துப் போகாது, அமைதியாக ஊர்ந்து இதயத்துக்குத் திரும்பும். படுத்திருக்கும்போது அதற்குள் அழுத்தம், பிரஷர் மெஷின் கணக்கில், 10-க்கு அக்கம்பக்கம்தான். உள்ளே வால்வுகள் வேறு இருப்பதால் ஆபரேஷனில் அதைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு லட்சம் தடவை 120, 130 என்று அதன்மேல் அடி விழுகிறது. பழக்கமில்லாத அந்தச் சுவர் தடித்துக்கொள்கிறது. உள்ளே வழி குறுகுகிறது. காலிலிருந்து எடுத்த குழாய்களில் ஏறக்குறைய பாதி பத்து வருஷத்துக்குள் கெட்டுவிடுகின்றன. பிரஷர், கொழுப்பு, சர்க்கரை, புகை இவை நான்கும்தான் அதை விரைவுபடுத்துகின்றன.

“ஐயா, டாக்டர் தச்சது நல்ல தையல். அது எத்தனை வருஷம் தாங்கும்னு சொல்றது உங்க பிரஷர்தான்” என்றார். மாத்திரையைத் தலைசுற்றலோடு சேர்த்துப் பார்த்த என் பழக்கம் அன்றோடு நின்றது.

ஆனால் அந்தப் பேச்சு நடந்தது பங்குனியில். அதற்குள் நான் செய்துவைத்திருந்த வினையைச் சொல்ல வேண்டும்.

மாசி மாதம் எனக்கு இருமல் பிடித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குழியில் கோழி இறகால் வருடுவதுபோல ஒரு நமைச்சல், அதன் பின்னால் வறண்ட இருமல். ராத்திரி படுத்தால் அதிகம். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும் நேரத்தில் இருமல் என்பது என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை மடக்கி, மூச்சைச் சேர்த்துவைத்து இருமுவேன். ஒவ்வொரு இருமலுக்கும் நடு நெஞ்சில் பழைய கதவு கீல் அசைவதுபோல ஒரு வலி. மனைவி விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி எல்லாம் பார்த்தாயிற்று.

தெருமுனை மெடிக்கலில் “சளி மாத்திரை கொடுங்க” என்று கேட்டு வாங்கினேன். இருமி இருமி முதுகும் தோளும் பிடித்துக்கொண்டன. அதே கடையில் “அண்ணாச்சி, இதப் போடுங்க, அரைமணி நேரத்துல விட்ரும்” என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். உண்மையில் விட்டது. அதனால் தினம் இரண்டு போட்டேன். பன்னிரண்டு நாள்.

பதிமூன்றாம் நாள் மகள் புதிதாக வாங்கிவந்த மெஷினில் அளந்தாள். 168/98. மறுபடி அளந்தாள். 174/100. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த மாத்திரையை எடுத்து “இதை வைங்க, உடனே இறங்கும்” என்றார். மகள் தடுத்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டாள். நெஞ்சுவலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பார்வை மங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றதும், இதில் ஒன்று வந்தாலும் உடனே வண்டியைப் பிடியுங்கள், இல்லையென்றால் அமைதியாக உட்கார வைத்து அரைமணி நேரம் கழித்து அளங்கள், காலையில் எல்லா மாத்திரையோடும் நேரில் வாருங்கள் என்றார்கள். நாக்குக்கு அடியில் எதையும் வைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். ஏறிய பிரஷரை மடமடவென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து, இல்லாத பக்கவாதமும் வந்துவிடுமாம்.

மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் மகள் மாத்திரைப் பையைக் கவிழ்த்தாள். ஆஸ்பத்திரி அட்டைகளோடு தெருமுனை அட்டைகளும் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனியே அடுக்கினார். முதலில் ராமிப்ரில் அட்டையைத் தொட்டார்.

“இருமல் எப்பேருந்து?”

“மாசி ஆரம்பத்துலருந்து.”

“இந்த மாத்திரை போட்டு மூணு வாரம் கழிச்சு. சளி இல்லாத வறட்டு இருமல்தானே?”

அந்த இருமல் சளியால் வந்ததில்லை. ராமிப்ரில் நல்ல பிரஷர் மாத்திரைதான், இதயத்துக்குக் காவலும்கூட. ஆனால் அந்த இனத்து மாத்திரைகள் சிலபேருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். இது தெரியாமல் நான் இருமலுக்குச் சளி மாத்திரை போட்டேன். அதில் மூக்கடைப்பைத் திறக்க ஃபினைலெஃப்ரின் சேர்த்திருக்கிறார்கள். அது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து, பிரஷர்காரர்கள் கேட்காமல் தொடக்கூடாதது. இருமல் தந்த வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டேன். அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், கிட்னியை வாட்டும். பைபாஸ் ஆனவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஒரு மாத்திரையின் பக்கவிளைவை வேறு வியாதி என்று நினைத்து அதற்கொரு மாத்திரை, அதன் விளைவுக்கு இன்னொன்று. தப்பான திதியை வைத்துக்கொண்டு முகூர்த்தம் கணித்த கதை.

ராமிப்ரிலுக்குப் பதில் டெல்மிசார்டன் வந்தது. அதற்கு இருமல் வருவது அபூர்வம். வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் லேசாக ஏறியிருந்தது, பின்னால் இறங்கிவிட்டது. இருமல் மூன்றாவது வாரம் நின்றது. அந்த ராத்திரி தலையணையை அணைக்காமல் படுத்த சுகத்தை இன்னும் மறக்கவில்லை.

அந்த மெடிக்கல்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் பைபாஸ் ஆனவன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. இப்போது எந்தக் கடையில் எந்த மாத்திரை கேட்டாலும் முதல் வார்த்தை அதுதான்: “எனக்கு பைபாஸ் ஆயிருக்கு, பிரஷர் இருக்கு.” தலைவலித் தைலம் வாங்கும்போதுகூட வாயில் வந்துவிடுகிறது.

அன்று டாக்டரம்மா என்னையே மெஷினில் அளந்து காட்டச் சொன்னார். அங்கேதான் இன்னொரு குறை வெளிப்பட்டது. மெஷினோடு வந்த பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கு. டேப் வைத்துப் பார்த்தால் என் கை 34. இறுக்கிப் பிடிக்கும் சின்னப் பட்டை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வீட்டில் நான் தரையில் சம்மணம் போட்டு, கையைத் தொடையில் வைத்து, டி.வி. பார்த்துக்கொண்டே அளப்பேன். நெஞ்சு மட்டத்துக்குக் கீழே கை இருந்தாலும் எண் ஏறும். காப்பி குடித்த கையோடு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, பேசிக்கொண்டு அளந்தாலும் அப்படித்தான்.

இப்போது பெரிய பட்டை வாங்கியாயிற்று. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் காப்பிக்கும் முன்னால், சாய்வுள்ள நாற்காலியில் காலைத் தரையில் பதித்து உட்காருவேன். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய பஞ்சாங்கத்தை வைத்து அதன்மேல் கை. சரியாக நெஞ்சு மட்டம் வரும். ஐந்து நிமிஷம் சும்மா இருப்பேன். பிறகு ஒரு தடவை, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. ராத்திரியும் இதேபோல. டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதைச் சராசரி போட வேண்டும். முதல் நாள் எண்ணில் பதற்றம் கலந்திருக்கும். முதல் புரூஃப் கணக்கில் வராது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஆரம்பத்தில் இரண்டு கையிலும் அளந்து பார்ப்பதும் முக்கியம். நெஞ்சிலிருந்து எடுக்கும் அந்தத் தமனி இடது கைக்குப் போகும் பெரிய குழாயிலிருந்து கிளம்புவது. இடது கையில் மட்டும் எண் மிகவும் குறைந்திருந்தால் அந்தப் பாதையில் சிக்கல் இருக்கலாம். எனக்கு இரண்டும் சமமாக இருந்தன.

எழுதிவைக்க நோட்டு வாங்கினேன், நிலைக்கவில்லை. கடைசியில் கைக்குப் பழகிய இடத்திலேயே எழுதினேன். நாற்காலிக்கு நேர் மேலே சுவரில் எங்கள் பிரஸ் காலண்டர் தொங்குகிறது. அன்றாடம் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். காலை இரண்டு, ராத்திரி இரண்டு, நாடித் துடிப்பு, ஏதாவது விசேஷம் நடந்திருந்தால் ஒரு வரி. ‘கல்யாண வீடு, அப்பளம் இரண்டு.’ ‘தூக்கம் இல்லை.’ ‘மாத்திரை ராத்திரி ஒன்பதுக்குத்தான்.’ மாதத் தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிடுவேன். டாக்டரம்மா சீட்டுக்கட்டு புரட்டுவதுபோலப் புரட்டி, எந்த நாள் ஏறியிருக்கிறதோ அங்கே நிறுத்திப் பின்பக்கக் குறிப்பைப் படிப்பார். திருப்பிப் பார்த்தால் அன்றைக்கு அமாவாசையா முகூர்த்த நாளா என்பதும் தெரியும். முகூர்த்த நாட்களில் என் பிரஷர் ஏறியே இருந்தது. விருந்துச் சாப்பாடு.

உப்பு விஷயத்துக்கு அப்படித்தான் வந்தோம். “நாங்க உப்பு கம்மிதான் டாக்டர்” என்று மனைவி சொன்னாள். எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. சமைக்கும்போது கையால் அள்ளிப் போடுவதை யார் எடைபோட முடியும்? நான் வேறு வழி பார்த்தேன். உப்புப் பாக்கெட்டைப் பிரித்த அன்று பேனாவால் அதன்மேலேயே தேதி எழுதினேன். வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 15. ஒரு கிலோ 66 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டுப் பாக்கெட் 28 நாளில் காலி. மீன் அலச, கீரை அலசக் கொஞ்சம் போயிருக்கும் என்று கழித்தாலும் ஆளுக்குப் பத்து கிராமுக்குக் குறையவில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சேவு இதில் சேரவே இல்லை.

மனைவி அந்தக் கணக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மோர் மிளகாய் டப்பாவை எடுத்து மேல் பரணில் வைத்தாள். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்தினாள். குழம்பில் புளியையும் பூண்டையும் கூட்டினாள், பொரியலில் எலுமிச்சை பிழிந்தாள். சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்புக் கிண்ணம் போனது. பத்து நாள் எனக்கு எதுவும் இறங்கவில்லை, எரிந்து விழுந்தேன். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிட்டது. இப்போது ஒரு பாக்கெட் 55 நாள் வருகிறது. இதற்கான பெருமை முழுவதும் அவளுக்கே. எனக்காக அவளும் மகளும் தங்கள் நாக்கை மாற்றிக்கொண்டார்கள்.

நடுவில் மச்சினன் இரண்டு கிலோ இந்துப்பு கொண்டுவந்தான். “அத்தான், இதுல பிரஷர் ஏறாது, எவ்வளவு வேணா சேத்துக்கலாம்.” நல்ல மனசோடு கொண்டுவந்தவனிடம் எப்படிச் சொல்வது? இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. நம்பி இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு சோடியம், போதாக்குறைக்கு அயோடினும் பெரும்பாலும் இருக்காது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதிலும் எனக்கு எச்சரிக்கை உண்டு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். பலருக்கு அது நல்லதே செய்யும். ஆனால் டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். கிட்னி சற்றுத் தளர்ந்திருந்தால் அது இதயத் துடிப்பையே கெடுக்கும் அளவுக்கு ஏறிவிடும். என்னைப்போன்றவர்கள் கேட்காமல் வாங்கக்கூடாது.

உப்பு குறைத்ததில் என் மேல் எண் 146-லிருந்து 138 வரை இறங்கியது. இலக்கு 130-க்குக் கீழே. “வயசோட நூறைக் கூட்டுங்க, 157 வரைக்கும் போலாம்” என்று பிரஸ்ஸில் ஒரு பெரியவர் தைரியம் சொன்னார். ஒரு காலத்தில் நல்ல டாக்டர்களும் வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், ஏறினால்தான் ரத்தம் போகும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். காலண்டருக்கு வரலாற்றுக் குறிப்புகள் சரிபார்த்தபோது ஏப்ரல் 12-க்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தது வந்தது. தேடிப் படித்தேன். 1944 மார்ச்சில் அவருக்கு 186/108. உலகப் போரை நடத்திய மனிதர், உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில். கொடுக்க உருப்படியான மாத்திரை அன்றைக்கு இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தபோது 300/190. வயது 63. அவருக்குக் கிடைக்காத அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இன்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைப் படித்த அன்று மாத்திரை அட்டையை வேறு கண்ணால் பார்த்தேன்.

அம்லோடிபின் எனக்கும் சேர்ந்தது. ஆடி பிறந்தால் எங்களுக்குச் சீசன். பதினெட்டாம் பெருக்கன்று புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும், அதற்குப் பிறகு டிசம்பர் வரை தூக்கம் பாதிதான். முதலாளி என்னை ராத்திரி ஷிப்டிலிருந்து விலக்கிவிட்டார், அந்த நன்றி எனக்கு உண்டு. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியது. குழாய் எடுத்த கால் என்பதால் பயந்துபோனேன். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்து, மூச்சு வாங்குகிறதா என்று விசாரித்து, எடையும் ஏறவில்லை என்றபின், இது மாத்திரை வீக்கம் என்று அளவைப் பாதியாக்கினார். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால் மாத்திரை பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: அதை நானாக ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது. கட்டிப்போட்டிருந்த இதயம் அவிழ்த்துவிட்ட காளைபோலப் பாயும். ஊருக்குப் போனால் சட்டைப்பையில் மூன்று நாள் மாத்திரை தனியாக இருக்கும்.

ஏறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இறங்குவதும் ஆபத்து என்று காட்டியது 2024 அக்னி நட்சத்திரம். எங்கள் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் மதியம் பிரஸ்ஸில் குனிந்து தாள் எடுத்து நிமிர்ந்தபோது கண் இருட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் அளந்தால் 94/60, எழுந்து நின்று அளந்தால் 82. நாள் முழுக்க வியர்த்த உடம்பு, குடித்த தண்ணீர் போதவில்லை, அதோடு மூன்று மாத்திரை. ஐந்து நாள் தாள்களைப் போட்டோ எடுத்து மகள் அனுப்பினாள். வெயில் தணியும்வரை ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். எழுதிவைத்த எண்கள் இருந்ததால் அது போனிலேயே முடிந்தது. இப்போது ராத்திரி எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் நிற்கிறேன்.

போன ஐப்பசியில் மெஷினை பிரஸ்ஸுக்கே கொண்டுபோனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பைண்டிங் செக்‌ஷனில் ஒரு ஸ்டூலில் வைத்து, விருப்பப்பட்டவர்களுக்கு அளந்தேன். பெண்கள் நான்கைந்து பேர், லோடு ஏற்றுகிற பையன்கள் இரண்டு பேர். எல்லாரையும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. கட்டிங் மெஷினில் நிற்கும் தம்பி ஒருவன், 38 வயது, ஒல்லி. 172/104. மறுபடி அளந்தேன். 168/102.

“எனக்கு ஒண்ணுமே செய்யலையே அண்ணாச்சி” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருஷம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷினை அவன் கையில் கொடுத்து, எப்படி உட்கார வேண்டும் என்று காட்டி, ஏழு நாள் காலையும் ராத்திரியும் எழுதிக்கொண்டு வா, பிறகு உன்னோடு நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறேன் என்றேன். எதில் எழுத என்று கேட்டான். மேஜைக்கு அடியில் அடுத்த வருஷத்து வேஸ்ட் தாள் கட்டு கிடந்தது. உருவிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் காலை, மெஷின் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் வந்தான். ஏழு தாள், ஓரம் ஒட்ட வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து. பின்பக்கம் பென்சிலால் எண்கள். கடைசித் தாளில் எண்களுக்குக் கீழே வேறு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது: ‘எங்க வீட்லயும் பாத்தேன் அண்ணாச்சி. எனக்கு 150/96. நானும் வரலாமா?’ அவன் மனைவி எழுதியது.